ஒரே சீட்டுக்கு ரெண்டு துண்டு: லினக்ஸ் கெர்னல்ல மோதிக்கிட்ட ஃபைல் ஃப்ளாக்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின ஒரே ஒரு வரி கோடால, கொஞ்சம் வயசானவங்களுக்கு மாத்திரை ரிமைண்டர் மெசேஜ் போறது நின்னுச்சு. பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் எங்க டாஷ்போர்டு பச்சையாத்தான் இருந்துச்சு. எர்ரர் இல்ல, க்ராஷ் இல்ல, புகாரும் இல்ல. வராத மெசேஜைப் பத்தி யாரு புகார் பண்ணுவா?

நடந்தது இதுதான். எங்க ஆப்ல ஒவ்வொரு யூசரோட செட்டிங்ஸும் ஒரே ஒரு முழு எண்ணா டேட்டாபேஸ்ல இருந்துச்சு. அந்த எண்ணுக்குள்ள ஒவ்வொரு பிட்டும் ஒரு ஸ்விட்ச். வீட்டு சுவர்ல இருக்கிற ஸ்விட்ச் போர்டு மாதிரி நினைச்சுக்கோங்க. பிட் 3 ஆன்னா தமிழ்ல மெசேஜ், பிட் 4 ஆன்னா காலை நேரம் மட்டும், இப்படி. "பெரிய எழுத்து" அப்படின்னு ஒரு புது வசதி கேட்டாங்க. நான் ஆப் பக்கத்து லிஸ்ட்டைப் பார்த்தேன், பிட் 5 காலியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.

சர்வர் டீமோட லிஸ்ட் வேற ரெப்போல இருந்துச்சு. அங்க பிட் 5-க்கு அர்த்தம்: "இது டெஸ்ட் அக்கவுண்ட், மெசேஜ் அனுப்பாதே."

அதாவது யாரெல்லாம் கண்ணு சரியா தெரியலைன்னு எழுத்தைப் பெருசாக்கினாங்களோ, அவங்களை மட்டும் சர்வர் டெஸ்ட் அக்கவுண்ட்னு நினைச்சு ஒதுக்கிடுச்சு. ஒரு பொண்ணு சப்போர்ட்டுக்கு போன் பண்ணி, "அப்பாவுக்கு எழுத்தைப் பெருசு பண்ணிக் கொடுத்தேன், அதுல இருந்து மெசேஜே வரலைங்க"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வாக்கியம் இல்லைன்னா இன்னும் எத்தனை நாள் போயிருக்குமோ.

நான் அன்னிக்கே ஒரு ஃபிக்ஸ் போட்டேன். அந்த ஃபிக்ஸும் தப்பு. அது ஏன் தப்புன்னு எனக்குப் புரிய வெச்சது லினக்ஸ் கெர்னல்ல நடந்த ஒரு கதை. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

ஃபைலைத் திறக்கும்போது என்ன நடக்குது?

ஒரு ப்ரோகிராம் ஃபைலைத் திறக்கணும்னா கெர்னல்கிட்ட "ஓப்பன்"னு ஒரு சிஸ்டம் கால் பண்ணும். கூடவே ஒரு எண்ணையும் கொடுக்கும். எப்படித் திறக்கணும்ங்கிற விவரம் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள்ள இருக்கு. எழுதணுமா, கடைசியில சேர்க்கணுமா, ஃபைல் இல்லைன்னா புதுசா உருவாக்கணுமா, எல்லாத்துக்கும் ஒவ்வொரு பிட். இதைத்தான் ஃப்ளாக்னு சொல்றோம். ஓ அப்பெண்ட், ஓ ட்ரங்க், ஓ சிங்க் மாதிரி பேரெல்லாம் நமக்காக. கெர்னலுக்குப் போறது எண் மட்டும்தான்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த எண்கள் எல்லா மெஷின்லயும் ஒண்ணு இல்ல. நம்ம லேப்டாப்ல இருக்கிற எக்ஸ்86-ல 1024-ன்னு அனுப்பினா, அதாவது பிட் 10, அதுக்கு "ஃபைலோட கடைசியில சேர்த்து எழுது"ன்னு அர்த்தம். அதே 1024 ஸ்பார்க் ப்ராசஸர்ல ஓடுற லினக்ஸ்ல "ஃபைல்ல இருக்கிறதை எல்லாம் காலி பண்ணிடு"ன்னு அர்த்தம். ஒரே எண்தான், ஒரு ஊர்ல சேர்க்கச் சொல்லுது, இன்னொரு ஊர்ல அழிக்கச் சொல்லுது.

ஏன் இப்படி? ஸ்பார்க் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கின ப்ராசஸர். லினக்ஸ் அங்க போறதுக்கு முன்னாடியே சன்ஓஎஸ் அங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த சன்ஓஎஸ்ஸுக்குன்னு கம்பைல் பண்ணின ப்ரோகிராம்களும் ஓடணும்னு அதே எண்களை எடுத்துக்கிட்டாங்க. ஆல்ஃபாவுக்கு டிஜிட்டல் கம்பெனியோட யூனிக்ஸ், பிஏ-ரிஸ்க்குக்கு ஹெச்பியோட யூனிக்ஸ், இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூர்வீகம். குடி போன வீட்ல ஸ்விட்ச் போர்டு ஏற்கெனவே இருந்துச்சு, வயரை மாத்தாம அப்படியே வெச்சுக்கிட்டாங்க.

முதல் மோதல்: 2010

2010-ல கெர்னல்ல ஃபேநோட்டிஃபைன்னு ஒரு வசதி வந்துச்சு. வைரஸ் ஸ்கேனர் மாதிரி ப்ரோகிராம்களுக்கானது. யாராவது ஒரு ஃபைலைத் தொட்டா கெர்னல் ஸ்கேனருக்குத் தகவல் சொல்லும். தகவல் மட்டும் இல்ல, அந்த ஃபைலையே திறந்து கையில கொடுக்கும், "இந்தா, படிச்சுப் பாரு"ன்னு.

இதுல ஒரு சிக்கல் தெரியுதா? ஸ்கேனர் அந்த ஃபைலைப் படிச்சா, அதுவும் ஃபைலைத் தொடுறதுதானே? அதுக்கும் ஒரு தகவல் வரும். அந்தத் தகவலுக்காக மறுபடி படிக்கும், மறுபடி தகவல். முடிவே இல்ல. அதனால ஸ்கேனருக்குக் கொடுக்கிற ஃபைல்ல ஒரு ரகசிய முத்திரை குத்தினாங்க: "இதைத் தொட்டா யாருக்கும் அறிவிக்காதே." பேரு எஃப்மோட் நோநோட்டிஃபை. இது கெர்னலுக்குள்ள மட்டும் புழங்குற ஃப்ளாக். வெளியில இருக்கிற எந்த ப்ரோகிராமும் இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனா இதுவும் அதே எண்ணுக்குள்ள, ஓ அப்பெண்ட், ஓ சிங்க் எல்லாம் உட்கார்ந்திருக்கிற அதே வரிசையிலதான் அப்போ பயணம் பண்ணுச்சு.

பேருந்து நிலையத்துல பஸ் வந்து நின்னதும் என்ன பண்ணுவோம்? ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட் பிடிப்போம். நோநோட்டிஃபை துண்டு போட்ட சீட் பிட் 23. எக்ஸ்86-ல அந்த சீட் காலி. ஸ்பார்க்ல அங்க ஏற்கெனவே ஓ சிங்க் உட்கார்ந்திருந்துச்சு. ஓ சிங்க்னா "எழுதினது டிஸ்க்ல போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பி வா"ன்னு அர்த்தம். டேட்டாபேஸ் மாதிரி ப்ரோகிராம்கள் கரண்ட் போனாலும் டேட்டா போகக் கூடாதுன்னு கேட்கிற உத்தரவாதம்.

இப்போ ஸ்பார்க்ல அந்த ஒரு பிட்டைப் பார்த்தா, கெர்னலோட ஒரு பகுதி "டிஸ்க்ல எழுதிட்டு வா"ன்னு படிக்கும், இன்னொரு பகுதி "யாருக்கும் சொல்லாதே"ன்னு படிக்கும். ரெண்டு பேரும் அவங்கவங்க அளவுல சரி.

தீர்வு என்ன? யாராவது ஒருத்தர் எழுந்திருக்கணும். நோநோட்டிஃபையை பிட் 24-க்கு மாத்தினாங்க. மாத்த வேண்டியது ஒரே ஒரு எண்.

ஆனா அதோட விடலை. இருபதுக்கும் மேற்பட்ட ஆர்கிடெக்சர்கள், ஒவ்வொண்ணுக்கும் தனி ஹெடர் ஃபைல். யாராவது ஒரு புது ஃப்ளாக் சேர்க்கும்போது அத்தனையையும் திறந்து பார்ப்பாங்கன்னு எதிர்பார்க்க முடியாது. ஸ்பார்க் பக்கத்தைப் பராமரிச்ச டேவிட் மில்லர் சொன்ன யோசனைப்படி, கம்பைலரையே காவலுக்குப் போட்டாங்க.

அந்தக் காவல் ரொம்ப எளிமை. எல்லா ஃப்ளாக்கையும் ஒண்ணா "ஆர்" பண்ணு. வர்ற எண்ணுல எத்தனை பிட் ஒண்ணா இருக்குன்னு எண்ணு. ஃப்ளாக் எத்தனையோ அத்தனை பிட் இருக்கணும். குறைஞ்சா, எங்கயோ ரெண்டு பேர் ஒரே சீட்ல உட்கார்ந்திருக்காங்க. உடனே பில்ட் நின்னுடும், கெர்னலே கம்பைல் ஆகாது. கண்டக்டர் டிக்கெட்டை எண்ணி, தலையை எண்ணிப் பார்க்கிற மாதிரிதான்.

இத்தோட கதை முடிஞ்சிருக்கணும், இல்லையா?

ரெண்டாவது மோதல்: 2011

2011-ல ஓ பாத்னு ஒரு புது ஃப்ளாக் வந்துச்சு. இது அழகான விஷயம். ஃபைலைத் திறக்காம, அது இருக்கிற இடத்துக்கு மட்டும் ஒரு கைப்பிடி கொடுக்கும். வீட்டுக்குள்ள போகாம வாசல்ல நின்னு கதவைத் தொட்டுக்கிட்டு இருக்கிற மாதிரி. உள்ள இருக்கிறதைப் படிக்க முடியாது. அதனாலயே அந்த ஃபைலைப் படிக்கிற அனுமதியும் தேவையில்லை.

ஓ பாத்துக்குப் பொதுவா கொடுத்த எண் பிட் 21. இது ஆல்ஃபா, பிஏ-ரிஸ்க், ஸ்பார்க் மூணுலயும் வேற ஃப்ளாக்கோட மோதுச்சு. ஸ்பார்க்ல பிட் 21-ல ஓ நோஏடைம் இருந்துச்சு. சரின்னு மூணுக்கும் மோதாத தனி எண் கொடுத்தாங்க. ஸ்பார்க்குக்குக் கொடுத்தது பிட் 24.

ஞாபகம் இருக்கா, பிட் 24-ல யாரு இருந்தா? போன வருஷம் இடம் மாறிப் போன அதே நோநோட்டிஃபை!

காவலுக்கு நின்ன கம்பைலர் ஏன் கத்தலை? ஏன்னா அந்த லிஸ்ட்ல நோநோட்டிஃபையோட பேரே இல்ல. வெளியில தெரியுற ஃப்ளாக்குகளைத்தான் முக்கியமா எண்ணினாங்க. கெர்னலுக்குள்ள மட்டும் புழங்குற இந்த ஒண்ணை, எந்த மோதலால அந்தக் காவலே வந்துச்சோ அந்த மோதலோட ஒரு பக்கத்தையே, சேர்க்கலை. கண்டக்டர் டிக்கெட் வாங்கினவங்களை எண்ணினார். அதே சீட்ல டிக்கெட் இல்லாம ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

இதோட விளைவு என்னன்னு கோடோட வரிசையைப் பார்த்தா தெரியும். யூசர் அனுப்பின ஃப்ளாக்குகளை வாங்கினதும் கெர்னல் முதல் வேலையா நோநோட்டிஃபை பிட்டை அழிச்சிடும். வெளி ஆள் அந்த ரகசிய முத்திரையைக் குத்தக் கூடாதுங்கிற பாதுகாப்பு அது, நியாயமானதுதான். ஆனா ஸ்பார்க்ல அந்த பிட்தான் ஓ பாத். "வாசல்ல மட்டும் நிக்கிறேன்"னு நீங்க சொன்னது கெர்னல் காதுல விழுறதுக்கு முன்னாடியே அழிஞ்சு போயிடும். கெர்னல் அதைச் சாதாரணமா உள்ள போகச் சொன்னதா எடுத்துக்கும். எர்ரர் எதுவும் வராது. கேட்டது ஒண்ணு, கிடைச்சது வேற ஒண்ணு.

எதிர்ப்பக்கமும் சிக்கல்தான். ஸ்கேனருக்காக கெர்னல் ஃபைலைத் திறக்கும்போது நோநோட்டிஃபையைச் சேர்க்கும். ஸ்பார்க்ல அது ஓ பாத்னு படிக்கப்படும். ஸ்கேனர் கையில கிடைக்கிறது படிக்கவே முடியாத ஒரு கைப்பிடி. காவல்காரனைக் கூப்பிட்டு, பூட்டின பெட்டியைக் கொடுத்து, "சோதனை பண்ணு"ன்னு சொல்ற மாதிரி.

மூணாவது தடவை: 2015

இது 2015 ஜனவரியில சரியாச்சு. ஏறக்குறைய நாலு வருஷம். ஸ்பார்க்ல லினக்ஸ் ஓட்டுறவங்க குறைவு, அதுல ஓ பாத்தோ ஃபேநோட்டிஃபையோ பயன்படுத்துறவங்க இன்னும் குறைவுங்கிறதையும் இங்க சொல்லியாகணும்.

இப்போ கேள்வி. பிட் 24-ல ரெண்டு பேர். யாரை எழுப்புறது?

வந்த வரிசையைப் பார்த்தா நோநோட்டிஃபைதான் முதல்ல வந்துச்சு, 2010-ல. ஓ பாத் 2011-ல வந்த புது ஆள். "லேட்டா வந்தவன் எழுந்திரு"ன்னு சொல்றதுதான் பஸ் நியாயம். ஆனா கெர்னல்ல எழுப்பினது நோநோட்டிஃபையை.

காரணம் இதுதான். ஓ பாத்தோட எண் வெளியில போயிடுச்சு. ப்ரோகிராம் கம்பைல் ஆகும்போது ஹெடர் ஃபைல்ல இருக்கிற பேரு மறைஞ்சு, எண் மட்டும் பைனரிக்குள்ள பதிஞ்சிடும். நீங்க கெர்னல்ல ஹெடரை மாத்தினாலும், ஏற்கெனவே கம்பைல் ஆன ப்ரோகிராம் பழைய எண்ணைத்தான் அனுப்பும். அந்த ப்ரோகிராம்கள் எங்க எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது, கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. யூசர் ப்ரோகிராமை உடைக்கக் கூடாதுங்கிறது லினஸ் டோர்வால்ட்ஸ் பல வருஷமா பிடிவாதமா காப்பாத்திட்டு வர்ற விதி. நோநோட்டிஃபை அப்படி இல்ல. அது வீட்டுக்குள்ள மட்டும் கூப்பிடுற செல்லப் பேரு மாதிரி. கெர்னலை மறுபடி கம்பைல் பண்ணினா எல்லா இடத்துலயும் சேர்ந்தே மாறிடும்.

ஆக விதி: யாரு முதல்ல வந்தாங்கிறது கணக்கு இல்ல. யாரு வெளியில வாக்குக் கொடுத்திருக்காங்கிறதுதான் கணக்கு. வாக்குக் கொடுத்தவர் உட்காரட்டும், வீட்டு ஆள் எழுந்து இடம் கொடுக்கட்டும்.

நோநோட்டிஃபை பிட் 26-க்குப் போச்சு. ஏன் 25 இல்ல? ஸ்பார்க்ல 25-ஐ ஓ டெம்ப்ஃபைல் 2013-லயே எடுத்துக்கிச்சு. இந்தத் தடவை நோநோட்டிஃபையோட பேரையும் கம்பைலர் எண்ணுற லிஸ்ட்ல சேர்த்தாங்க. அந்த மாற்றத்தோட குறிப்புல, இது முன்னாடியே ஒரு தடவை நடந்திருக்கு, இனிமேலும் நடக்கும், அதனால சோதனையிலயே சேர்த்துடுறோம்ங்கிற அர்த்தத்துல எழுதியிருக்காங்க. சிரிப்பும் சலிப்பும் கலந்த அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். "இனிமேல் எல்லாரும் கவனமா இருங்க"ன்னு எழுதலை பாருங்க. மறப்போம்னு ஒத்துக்கிட்டு, மறந்தா கத்துறதுக்கு ஒரு மெஷினை வெச்சாங்க.

முழுத் தீர்வு இதுவும் இல்ல. உள் ஃப்ளாக்கும் வெளி ஃப்ளாக்கும் ஒரே எண் வரிசையில இருந்ததுதான் வேர்ப் பிரச்சினை. அந்த ஹெடர் ஃபைலோட தலைப்புக் குறிப்புலயே, ரெண்டையும் பிரிக்கிற வரைக்கும் வெளி ஃப்ளாக்குகள் இந்த எண்களைத் தொடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருந்தாங்க. பிரிக்கிறது பெரிய வேலை. அது வரைக்கும் எண்ணிப் பார்க்கிற காவல் கை கொடுத்துச்சு.

என் பிட் 5-க்குத் திரும்பி வர்றேன்

இப்போ என்னோட முதல் ஃபிக்ஸ் ஏன் தப்புன்னு நீங்களே சொல்லிடுவீங்க. நான் "பெரிய எழுத்து" ஃப்ளாக்கை பிட் 5-ல இருந்து பிட் 9-க்கு மாத்தி ஒரு புது ஆப் வெர்ஷன் விட்டேன். அதுதானே புதுசா வந்தது, அதுதானே எழுந்திருக்கணும்னு நினைச்சேன். அடுத்த வாரம் அதே புகார் மறுபடி வந்துச்சு. ஏன்னா பழைய ஆப் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான போன்ல போய் உட்கார்ந்திருந்துச்சு. அது பிட் 5-ஐத்தான் அனுப்பும். அப்டேட் பண்ணாதவங்க யாரு? பெரும்பாலும் அந்த வயசானவங்கதான்.

எங்க டீம்ல சீனியர் ஒருத்தங்க என் கோடைப் பார்த்துட்டு, "நீ தப்பான ஆளை எழுப்பிட்டப்பா"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு இந்த ஸ்பார்க் கதையைப் படிக்கச் சொன்னாங்க.

அப்புறம் சரியா பண்ணினோம். வெளியில போன "பெரிய எழுத்து" பிட் 5-லயே இருக்கட்டும்னு விட்டுட்டு, சர்வருக்குள்ள மட்டும் புழங்குற "டெஸ்ட் அக்கவுண்ட்" ஃப்ளாக்கை எடுத்து டேட்டாபேஸ்ல தனி காலத்துல வெச்சோம். கெர்னலுக்குப் பெரிய வேலையா இருந்த அந்தப் பிரிவினை எங்களுக்கு ஒரு மதியத்துல முடிஞ்சுது.

முடியாத வேலை ஒண்ணு இருந்துச்சு. ஏற்கெனவே பிட் 5 ஆன் ஆகியிருக்கிற ஒரு வரியைப் பார்த்து, இது டெஸ்ட் அக்கவுண்ட்டா, கண்ணு மங்கின ஒரு தாத்தாவான்னு எப்படிச் சொல்றது? எண்ணுக்குத் தெரியாது. ரெண்டு அர்த்தம் ஒரே இடத்துல கலந்துட்டா, அப்புறம் பார்த்துப் பிரிக்க வழியே இல்ல. எங்க டெஸ்டர்கள் கிட்ட உட்கார்ந்து, அவங்க உருவாக்கின அக்கவுண்ட் எல்லாத்தையும் ஞாபகப்படுத்தி, கையால ஒரு லிஸ்ட் போட்டோம். அந்த லிஸ்ட்ல இல்லாதவங்க எல்லாரையும் நிஜ மனுஷங்கன்னு எடுத்துக்கிட்டோம். சந்தேகம் வந்தா மெசேஜ் போகட்டும், டெஸ்ட் அக்கவுண்ட்டுக்கு ஒரு மெசேஜ் கூடுதலா போனா என்ன குடி முழுகிடும்?

கடைசியா, ரெண்டு ரெப்போவோட லிஸ்ட்டையும் ஒரே ஃபைலுக்குக் கொண்டு வந்து, கெர்னல்ல பண்ணின அதே வேலையைப் பண்ணினோம். எல்லாத்தையும் "ஆர்" பண்ணு, பிட்டை எண்ணு, பேரை எண்ணு. பொருந்தலைன்னா பில்ட் நிக்கட்டும். பத்து வரிகூட வராது. அந்த சோதனையை எழுதினப்போ எனக்குள்ள ஒரு எண்ணம் வந்துச்சு: "இது சர்வருக்குள்ள மட்டும்தானே, இதை எதுக்குச் சேர்க்கணும்?" உடனே நோநோட்டிஃபை ஞாபகம் வந்துச்சு. சேர்த்துட்டேன்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு வேலை பண்ணுங்க. உங்க கோட்ல இந்த மாதிரி ஒரே எண்ணுக்குள்ள பல ஸ்விட்ச் இருக்கிற இடத்தைத் தேடுங்க. அந்த எண்ணை எத்தனை டீம் தொடுதுன்னு பாருங்க. லிஸ்ட் ஒண்ணா இருக்கா, ரெண்டா இருக்கான்னு பாருங்க. ரெண்டா இருந்தா, இப்பவே போய் எண்ணிப் பார்த்துடுங்க. உங்களுக்கு போன் பண்ணிச் சொல்ல ஒரு பொண்ணு எல்லாத் தடவையும் இருக்க மாட்டாங்க.

அந்த அப்பாவுக்கு மறுபடி மெசேஜ் போக ஆரம்பிச்ச அன்னிக்கு, நானே அவங்களுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "எழுத்தைத் திரும்பச் சின்னதாக்கணுமாப்பா?"ன்னு கேட்டாங்க. "வேண்டாங்க, பெருசாவே இருக்கட்டும்"னு சொன்னேன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.